திரும்பி வருகிறவர் எங்கே உட்காருவார்?

வளரும் நாடுகளின் அரசு அலுவலர்களுக்கு முதுகலைப் படிப்புக்கான உதவித்தொகை வழங்கும் அமைப்புகளுக்கும், அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பொதுக்கொள்கைப் பள்ளிகளுக்கும், அனுப்பி வைக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் உங்கள் பணத்தில் படித்தவள். கல்விக் கட்டணம், விமானச் சீட்டு, தங்குமிடம், மாதப் படி, மருத்துவக் காப்பீடு, புத்தகச் செலவு என்று ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டீர்கள். அரசுப் பணியில் 11 ஆண்டு கழித்த பிறகு, கோப்புகளை மூடி வைத்துவிட்டு மறுபடியும் வகுப்பறையில் உட்காரக் கிடைத்த காலம் அது. பக்கத்து இருக்கையில் ஒரு வரித்துறை அதிகாரி, பின்னால் ஒரு மாவட்ட மருத்துவ அதிகாரி, எதிரே ஒரு மத்திய வங்கியிலிருந்து வந்தவர். எங்கள் நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நான் நினைத்திருந்த சிக்கல்கள் அத்தனை பேருடைய மேசையிலும் இருந்தன. அந்த ஒரு தெளிவுக்காகவே காலமெல்லாம் உங்களுக்கு நன்றி சொல்வேன்.

நன்றியை முதலில் சொல்லிவிட்டேன். இனி சொல்லப்போவது குறை. உங்கள் திட்டம் நன்றாக நடக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

போகும் பாதையில் நீங்கள் காட்டும் அக்கறைக்கு அளவே இல்லை. விண்ணப்பம், மூன்று கட்டத் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, பயணத்துக்கு முந்தைய வகுப்பு, விமான நிலையத்தில் பெயர்ப்பலகை பிடித்து நிற்க ஓர் ஆள். திரும்பி வரும் பாதையில் யாருமே இல்லை. பட்டமளிப்பு விழாப் படத்தோடு உங்கள் கோப்பு மூடப்பட்டுவிடுகிறது. எங்களுக்கோ வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

என் கதையைச் சொன்னால் விளங்கும்.

நான் வேலை பார்ப்பது குடிநீர் வழங்கும் ஓர் அரசுத் துறையில். என் ஆய்வேடு, கணக்கில் வராத நீரைப் பற்றியது. சுத்திகரித்துக் குழாயில் விடும் தண்ணீருக்கும் கட்டணம் வசூலாகும் தண்ணீருக்கும் நடுவில் காணாமல் போவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஒரு பங்கு மண்ணுக்கடியில் கசிந்து போகிறது. இன்னொரு பங்கு ஓடாத மீட்டரிலும், திருட்டு இணைப்பிலும், தப்பாக எழுதிய ரீடிங்கிலும் போகிறது. கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நகரத்தைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவுக் குழாயிலும் ஒரு மீட்டர் வைத்து, இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் அளக்க வேண்டும். எல்லோரும் தூங்குகிற நேரம் அது. அப்போதும் மீட்டர் வேகமாக ஓடினால், அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி எந்த வீட்டுக்கும் போகவில்லை என்று அர்த்தம்.

வகுப்பில் என்னை மிகவும் உலுக்கிய பாடம், கம்போடியத் தலைநகர் நோம்பென்னின் குடிநீர் ஆணையத்தைப் பற்றியது. 1993இல் அங்கே கணக்கில் வராத நீர் 72 சதவீதம். போரில் நொறுங்கிய குழாய்கள், சம்பளம் போதாத ஊழியர்கள், கட்டணம் கட்டும் பழக்கமே இல்லாத பெரிய மனிதர்கள். ஏக் சொன் சான் என்ற பொறியாளர் அந்த ஆண்டு பொறுப்புக்கு வந்தார். எல்லா இணைப்புக்கும் மீட்டர், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கட்டணம், நன்றாக வேலை செய்கிறவருக்கு ஊக்கத்தொகை என்று ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போனார். 72 சதவீதம் 6 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 2006இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பாடம் முடியும்போது எங்கள் பேராசிரியர் பலகையில் ஒரு கேள்வியை எழுதினார்: இவர் அந்தப் பொறுப்பில் எத்தனை ஆண்டு இருந்தார்? ஏறக்குறைய 20 ஆண்டு. தொழில்நுட்பம், நிதி, சட்டம் என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தோம். இதை யாரும் எழுதவில்லை.

அந்தப் பாடத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு வந்து பணியில் சேர்ந்தேன். என் பழைய இடத்தில் வேறொருவர் இருந்தார். இருக்கத்தானே வேண்டும், வேலை எனக்காகக் காத்திருக்குமா? பணியிட ஆணைக்காக ஏழு வாரம், நிர்வாகப் பிரிவுக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் காத்திருந்தேன். வந்த ஆணை, வாகனப் பிரிவுக்கு. டீசல் பில் சரிபார்ப்பது, லாக்புக்கில் கையெழுத்துப் போடுவது, எந்த ஓட்டுநர் எந்த வண்டிக்கு என்று தினமும் காலையில் பட்டியல் எழுதுவது. அந்த வேலையை நான் இழிவாகச் சொல்லவில்லை. தண்ணீர் லாரி நேரத்துக்குக் கிளம்புவதும் மக்களுக்கான வேலைதான். ஆனால் அதற்கு நீங்கள் என்னைக் கடல் கடந்து படிக்க வைத்திருக்க வேண்டியதில்லை.

யாரும் என்மேல் வஞ்சம் வைத்து இதைச் செய்யவில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் போனது எதற்காக, என்ன படித்தேன், திரும்பி வந்தால் எதற்குப் பயன்படுவேன் என்று எழுதிய ஒரு தாள்கூட என் பணிக்கோப்பில் இல்லை. 'படிப்பு விடுப்பு முடிந்து பணியில் சேர்ந்தார்' என்ற வரி மட்டும் இருந்தது. பிரசவ விடுப்பு முடிந்து வருகிறவருக்கும் மருத்துவ விடுப்பு முடிந்து வருகிறவருக்கும் எழுதுகிற அதே வரி. ஆணை போட்டவர் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார், போட்டார்.

ஒரு வருடம் கழித்து உங்களிடமிருந்து ஒரு கேள்விப்படிவம் வந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்பினீர்களா? ஆம். அரசுப் பணியில் தொடர்கிறீர்களா? ஆம். பொறுப்பு உயர்ந்திருக்கிறதா? பணிமூப்பின்படி ஒரு படி ஏறியிருந்தேன், அதனால் ஆம். படித்தது பணிக்குப் பயன்படுகிறதா என்ற கேள்விக்கு, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லியிருந்தீர்கள். நன்றி மறந்தவள் ஆகிவிடக் கூடாதே என்ற தயக்கத்தில் நான்கு போட்டேன். அன்று மாலை டீசல் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. உங்கள் ஆண்டறிக்கையில் நான் ஒரு வெற்றிக் கணக்கு. நான் பொய் எதுவும் எழுதவில்லை. கேள்விகள் அப்படி இருந்தன.

உங்களைச் சொல்லி என்ன, உலகமே இதை அப்படித்தான் அளக்கிறது. 2015இல் ஐ.நா. வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் கல்விக்கான நான்காவது இலக்கின் கீழ், வளரும் நாடுகளுக்கான உதவித்தொகைகளை 2020க்குள் கணிசமாகக் கூட்ட வேண்டும் என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. அதை அளக்க வைத்திருக்கும் குறியீடு, உதவித்தொகைக்காகச் செலவான வளர்ச்சி உதவிப் பணத்தின் அளவு. பணம் எவ்வளவு போனது என்று பார்க்கிறார்கள். போன பணத்தில் ஒரு பெரும்பங்கு, கொடுக்கிற நாட்டிலேயே கல்விக் கட்டணமாகவும் வாடகையாகவும் செலவாகி, அந்த நாட்டின் வளர்ச்சி உதவிக் கணக்கிலும் ஏறுகிறது. அதில் தப்பில்லை. பேராசிரியருக்குச் சம்பளம் கொடுக்காமல் வகுப்பு நடக்காது. ஆனால் செலவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், வாகனப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரி யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார்.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். புறப்படும் முன்பு எங்களில் பலர் ஒரு பாண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறோம். திரும்பி வந்து இத்தனை ஆண்டு இதே அரசில் வேலை செய்வேன், விட்டுப் போனால் சம்பளத்தையும் செலவையும் திருப்பிக் கட்டுவேன் என்று அதில் இருக்கும். என் பத்திரத்தில் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவர் என் அண்ணன். உதவித்தொகை கொடுப்பவர்களும் தங்கள் பங்குக்கு நிபந்தனை விதிக்கிறார்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை பெற்றவர் படிப்பு முடிந்ததும் குறைந்தது 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய அரசின் ஆஸ்திரேலியா அவார்ட்ஸ் உதவித்தொகை பெற்றவர் 2 ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கி வழியாக ஜப்பான் தரும் உதவித்தொகையிலும் நாடு திரும்பி 2 ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று விதி உண்டு. இவை நியாயமான விதிகள், நான் எதிர்க்கவில்லை. ஆனால் என் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தேன். நான் செய்ய வேண்டியது 14 பிரிவுகளில் இருந்தது. எனக்கு என் துறை செய்ய வேண்டியது ஒரு பிரிவிலும் இல்லை. கட்டுண்டவள் நான் மட்டும். எங்கே உட்காருவேன் என்பதைப் பற்றி என் அண்ணனின் ஜாமீன் கையெழுத்துக்கும் எந்த மதிப்பும் இல்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான். பரிந்துரைக் கடிதம் கேட்கிறீர்களே, அதில் துறைத்தலைவரிடம் இன்னும் இரண்டு விஷயங்களையும் எழுதி வாங்குங்கள்: திரும்பி வருகிறவர் எந்தப் பிரிவில், எந்தப் பணிக்கு அமர்த்தப்படுவார்? அங்கே குறைந்தது 18 மாதம் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் உண்டா? இதைச் சொல்லும்போது வரும் மறுப்பு எனக்குத் தெரியும். இன்னொரு நாட்டின் பணியமர்த்தலில் நாங்கள் தலையிட முடியாது என்பீர்கள். தடையில்லாச் சான்று கேட்கிறீர்கள், விடுப்பு ஆணை கேட்கிறீர்கள், சம்பளம் தொடருமா என்று கேட்கிறீர்கள். ஒருவர் போவதற்காக இவ்வளவு கேட்கலாம் என்றால், அவர் வருவதற்காக இன்னும் இரண்டு வரி கேட்பது தலையிடுவதாகாது. எழுதிக் கொடுத்த துறை வாக்குத் தவறினால் உங்களால் வழக்குப் போட முடியாது, அது எனக்கும் தெரியும். அடுத்த ஆண்டு அதே துறையிலிருந்து விண்ணப்பம் வரும்போது அந்தக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள், போதும். எங்கள் அலுவலகங்களில் எழுத்துக்கு இருக்கும் வலு உங்களுக்குத் தெரியாது. தாளில் ஒரு வரி இருந்தால், ஆணை போடுகிறவர் ஒரு நிமிடமாவது நின்று யோசிப்பார்.

இப்படி யோசித்துச் செய்த காலமும் உண்டு. கொரியப் போர் முடிந்த அடுத்த ஆண்டு, 1954இல், அமெரிக்க உதவிப் பணத்தில் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மருத்துவம், வேளாண்மை, பொறியியல் ஆகியவற்றோடு பொது நிர்வாகமும் பின்னர் அதில் சேர்ந்தது. ஆசிரியர்கள் மின்னசோட்டா போய்ப் படித்தார்கள். அவர்கள் திரும்பி வந்து உட்கார ஓர் இடம் சியோலில் உருவானது. 1959இல் அங்கே பொது நிர்வாகத்துக்கென்றே ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளி திறக்கப்பட்டது. படித்து வந்தவர்கள் தங்கள் மொழியில், தங்கள் அரசு ஊழியர்களுக்கு வகுப்பெடுத்தார்கள். போனவரின் அறிவு போனவரோடு நின்றுவிடவில்லை. அந்தத் தென்கொரியாதான் 2010இல் கொடையாளி நாடுகளின் வளர்ச்சி உதவிக் குழுவில் சேர்ந்து, இன்று கொய்க்கா என்ற தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் வழியாக வெளிநாட்டு அரசு அலுவலர்களை அழைத்து முதுகலை படிக்க வைக்கிறது. கொரியா எழுந்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கும், இந்த ஒரு ஒப்பந்தத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆளை அனுப்பும்போதே அவர் திரும்பிவந்து நிற்கும் தளத்தையும் கூடவே கட்டினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

இதைத் தவிர எத்தனை திட்டங்கள்! 1950இல் கொழும்பில் கூடிய காமன்வெல்த் நாடுகள் வகுத்த கொழும்புத் திட்டம் அதற்கு முன்பே ஆசியாவிலிருந்து மாணவர்களை அனுப்பத் தொடங்கியிருந்தது. 1959இல் காமன்வெல்த் உதவித்தொகைக்கு வித்திட்டார்கள். 1983இல் செவனிங், 1987இல் ஜப்பானும் உலக வங்கியும் சேர்ந்து நடத்தும் திட்டம், அடுத்த ஆண்டு ஆசிய வளர்ச்சி வங்கி, 1999இல் வளரும் நாடுகளின் இளம் அரசு அலுவலர்களுக்காக ஜப்பான் தொடங்கிய ஜேடிஎஸ். டோக்கியோவின் கிரிப்ஸ், கொரியாவின் கேடிஐ பள்ளி, சிங்கப்பூரின் லீ குவான் யூ பள்ளி ஆகிய பொதுக்கொள்கைப் பள்ளிகளின் வகுப்பறைகளில் எங்களைப் போன்ற அலுவலர்களை எந்த ஆண்டும் பார்க்கலாம். ஆள் எடுக்கும் கலையில் நீங்கள் தேர்ந்துவிட்டீர்கள். ஜேடிஎஸ் போன்ற திட்டங்களில் எந்த நாட்டுக்கு எந்தத் துறையில் ஆள் வேண்டும் என்று இரு அரசுகளும் முன்கூட்டியே பேசி முடிவு செய்கின்றன, அந்தத் துறைகளுக்கு ஏற்ற பல்கலைக்கழகங்களையும் அப்போதே குறிக்கின்றன. அதே மேசையில் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்தால், திரும்பி வந்த பிறகு என்ன என்பதையும் பேசி முடித்துவிடலாம்.

அடுத்து, எங்கள் மேலதிகாரிகள். நாங்கள் போய் வந்த இடம் அவர்களுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டு ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறாள் என்று என் முகத்துக்கு நேரே ஒருவர் சொன்னார். வயதில் மூத்தவர், நேர்மையானவர், மனதில் பட்டதைச் சொன்னார். அவருக்கு அப்படி ஒரு வாய்ப்பு இளமையில் கிடைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஒரு முறை அவரோடு காணொளியில் அரை மணி நேரம் பேசியிருந்தால், உங்கள் துறையில் எது சிக்கல், இவர் எதை ஆராய்ந்தால் உங்களுக்கு உதவும் என்று கேட்டிருந்தால், அந்த ஆய்வேடு அவருடையதாகவும் ஆகியிருக்கும். தான் கேட்ட கேள்விக்கு விடை வருகிறது என்றால் எந்த அதிகாரியும் கதவைத் திறந்து வைப்பார்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் ஆய்வேடு ஆங்கிலத்தில் 90 பக்கம். எங்கள் கோப்புகள் நகர்வது எங்கள் மொழியில். வாகனப் பிரிவில் இருந்தபடியே, இரவில், அந்த 90 பக்கத்தை நாலு பக்கக் குறிப்பாக மாற்ற உட்கார்ந்தேன். மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முட்டி நின்றேன். கடைசியில் வால்வு திறக்கும் ஊழியர் ஒருவரிடம் போய், வட்டாரத்துக்குள் இரவில் போகும் தண்ணீரை அளப்பதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். 'ஓ, ராத்திரி ஓட்டமா?' என்றார். நான் மூன்று பக்கத்தில் எழுதியிருந்ததை அவர் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார். குறிப்பின் தலைப்பே அதுதான் ஆனது. பள்ளிகளின் பொறுப்பாளர்களே, ஆய்வேட்டோடு சேர்த்து, மாணவர் தன் அலுவலக மொழியில் எழுதிய ஒரு சிறு குறிப்பையும் கேளுங்கள். அதற்கும் மதிப்பெண் வையுங்கள். உங்களால் படிக்க முடியாவிட்டால் அவருடைய நாட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள், உங்கள் பழைய மாணவர்களே அங்கே இருப்பார்கள். குறிப்பாக எழுதப்படாத ஆய்வேடு எங்கள் அலுவலகத்தின் வாசலைத் தாண்டாது.

அந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்த நாட்களில்தான் இன்னொன்றும் நடந்தது. குழாயில் அழுத்தத்தைக் குறைத்தால் கசிவு எவ்வளவு குறையும் என்று நான் மேற்கோள் காட்டியிருந்த ஒரு கட்டுரையின் அட்டவணையைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்துக்குள் நுழையப் பார்த்தேன். கடவுச்சொல் செல்லவில்லை. மூன்று முறை அடித்தேன். பிறகுதான் மின்னஞ்சல் பெட்டியின் அடியில் கிடந்த அறிவிப்பைப் பார்த்தேன், மாணவர் கணக்கு முடிந்துவிட்டதாம். அந்த ஒரு கட்டுரையை விலை கொடுத்து வாங்க என் சம்பளத்தில் இரண்டு நாள் கூலி ஆகும். ஓர் ஆள்மேல் அவ்வளவு பணம் போட்ட நீங்கள், அவள் உண்மையிலேயே வேலை செய்யத் தொடங்கிய இரவில், நூலகக் கதவைச் சாத்திவிட்டீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை, கணினியில் ஒரு தேதி குறித்து வைத்திருந்தார்கள். அந்தத் தேதியை ஐந்து ஆண்டு தள்ளிப் போடுங்கள். பதிப்பகங்களோடு உங்களுக்கு இருக்கும் ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை என்றால், கேட்ட கட்டுரையைத் தேடி உதவ ஒரு நூலகரையாவது எங்களுக்கென்று ஒதுக்குங்கள்.

பெண்களைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. ஆசிய வளர்ச்சி வங்கியின் திட்டத்தில் விண்ணப்பிக்கும்போது வயது 35க்கு மேல் போகக் கூடாது, மூத்த அதிகாரிகளுக்கான சில படிப்புகளுக்கு மட்டும் விதிவிலக்காக 45 வரை. மற்றவற்றிலும் ஏறக்குறைய இப்படித்தான். அரசு வேலையில் சேர்ந்து, ஒரு பிரிவின் வேலையை உள்ளும் புறமும் கற்று, இதைப் படித்தால் இன்னும் நன்றாகச் செய்யலாம் என்று தோன்றும் வயதும், பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும் வயதும் பெண்ணுக்கு ஒன்றாக வருகின்றன. நான் இரண்டு ஆண்டு தள்ளிப் போட்டேன். மூன்றாம் ஆண்டும் தள்ளிப் போட்டிருந்தால் வயது தாண்டியிருக்கும். மகளுக்கு ஐந்து வயதில் விட்டுவிட்டுப் போனேன். என் உதவித்தொகையில் குடும்பத்துக்கென்று ஒரு படியும் இல்லை. விழுந்த முதல் பல்லை அவள் கேமராவுக்கு முன்னால் நீட்டிக் காட்டினாள், இணைப்பு தடுமாறி, படம் உறைந்து, ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் திரையில் நின்றது. அடுத்த நாள் எனக்குப் புள்ளியியல் தேர்வு. நான் போனதற்காக வருந்தவில்லை. ஆனால் என்னைவிடத் திறமையான இரண்டு பெண்கள் எங்கள் துறையில் இருந்தார்கள். அவர்களால் கிளம்ப முடியவில்லை. பிறந்த தேதிக்குப் பதிலாகப் பணியாற்றிய ஆண்டுகளைக் கணக்கில் எடுங்கள். குழந்தையோடு வருகிறவருக்கு ஒரு படி வையுங்கள். முதல் பருவத்துப் பாடங்களைச் சொந்த நாட்டிலிருந்தே இணையம் வழியாகப் படித்துவிட்டு வரலாம் என்று வழிவிடுங்கள், பிரிந்திருக்கும் காலம் அவ்வளவு குறையும். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் 2 ஆண்டில் காலாவதியாவதும், தள்ளிப் போட நேர்ந்தவர் மறுபடியும் கட்டணம் கட்டி எழுத வேண்டியிருப்பதும் இதோடு சேர்ந்த சிக்கல்தான்.

என் குறிப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றரை ஆண்டு ஒரு தட்டில் கிடந்தது. பிறகு வேறொரு நாட்டின் உதவித்தொகையில் படித்துவிட்டு எங்கள் துறைக்கே ஒருவர் திரும்பி வந்தார். நான் இருந்ததே அவருக்குத் தெரியாது, அவர் போனதே எனக்குத் தெரியாது. உங்கள் திட்டங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. உணவு இடைவேளையில் யதேச்சையாகப் பேசினோம், அவர் படித்தது அரசு நிதி மேலாண்மை. என் குறிப்பில் இல்லாமல் போனது அவரிடம் இருந்தது. எவ்வளவு செலவாகும், எத்தனை மாதத்தில் அந்தப் பணம் திரும்பும் என்று இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தார். இரண்டு பேராகப் போய்க் கேட்டோம். ஒருவராக நான் கேட்டபோது அது என் ஆசையாகத் தெரிந்தது. இரண்டு பேர் கேட்டபோது அது ஒரு திட்டமாகத் தெரிந்தது. ஒரே ஒரு வட்டாரத்துக்கு அனுமதி கிடைத்தது.

அந்த முதல் இரவு எனக்கு மறக்காது. மீட்டர் அறையின் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த வால்வு ஊழியரும் நிதிக்காரரும் நானும் டார்ச் வெளிச்சத்தில் குனிந்து நின்றோம். மணி இரண்டு பத்து. ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. முள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. வகுப்பில் வரைபடமாகப் பார்த்தது கண்ணெதிரே ஓடியது. ஊழியர் காதை ஒரு இரும்புக் கம்பியில் வைத்து, கம்பியின் மறுமுனையைக் குழாய்மேல் ஊன்றிக் கேட்டார். 'இங்கே இல்லை, அந்தத் திருப்பத்தில்' என்றார். விடிவதற்குள் இரண்டு இடத்தைக் குறித்தோம்.

ஆகவே ஒரே துறையிலிருந்து அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு, மூன்று பேரை எடுங்கள். நூறு துறைகளிலிருந்து ஒவ்வொருவராகத் தூவினால் பட்டியல் அழகாக இருக்கும், திரும்பி வரும் ஒவ்வொருவரும் தனித்தனியாக நிற்பார். ஒரே நாட்டில் வேலை செய்யும் மூன்று நான்கு கொடையாளி அமைப்புகள், யார் எந்தத் துறைக்குத் திரும்பியிருக்கிறார் என்ற பட்டியலை, அவரவர் சம்மதம் பெற்று, ஒன்றாக வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பழைய மாணவர் சங்கம் என்று ஆண்டுக்கொரு முறை விடுதியில் விருந்து வைப்பதைவிட அது எங்களுக்குப் பயன்படும். திரும்பி வந்த முதல் ஆண்டில் ஒரு சிறு தொகையும் தாருங்கள். சம்பளமாக வேண்டாம். நான்கு மீட்டர் வாங்க, களத்தில் இரண்டு மாதம் ஆள் வைக்க, ஓர் அச்சடித்த கையேடு போட. கையில் சிறு நிதியோடு திரும்புகிறவரை எந்தத் துறையும் வாகனப் பிரிவில் உட்கார வைக்காது.

துறைத்தலைவர்களே, உங்களிடம் நான் தனியாகக் கேட்பது ஒன்றே ஒன்று. போகிறவரின் பணிக்கோப்பில், அவர் எதற்காகப் போகிறார் என்று உங்கள் கையால் ஒரு தாள் எழுதி வையுங்கள். அவர் திரும்பும்போது நீங்கள் மாறிப் போயிருக்கலாம், தாள் அங்கேயே இருக்கும்.

இந்த ஆண்டு எங்கள் பிரிவிலிருந்து ஓர் இளம் பொறியாளர் விண்ணப்பித்திருக்கிறார். அழுத்தக் கட்டுப்பாட்டைப் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறார், எங்கள் இரண்டாவது வட்டாரத்துக்கு அதுதான் தேவை. அவருடைய பரிந்துரைக் கடிதத்தில், திரும்பி வந்ததும் எந்தப் பணியில் அமர்த்துவோம் என்றும் எழுதித் தாருங்கள் என்று நிர்வாகப் பிரிவில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். எழுத மறுக்கவில்லை. 'எழுதலாம் மேடம், ஆனால் இதில் அதற்கு ஒரு கட்டமே இல்லையே, எங்கே எழுதுவது?' என்றார்.

அடுத்த ஆண்டுப் படிவத்தில் அந்தக் கட்டத்தைப் போட்டு அனுப்புங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் உதவித்தொகையில் படித்துத் திரும்பிய ஓர் அரசு அலுவலர்